சத்தத்துக்கு விட்ட இரண்டு சொட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது.

நானும் அப்பாவும் அத்தையும் கைகால் முழுசாக, அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் மேலே படிக்கப் படிக்க நீ பயந்துபோவாய். அதேபோல் நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். இப்போது நான் சொல்வதைக் கேள். சிக்னலில் பிரேக் பிடித்தால் உன் கார் கீச்சென்று கத்துகிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் சொன்னாயே, அதற்கு நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, நீ கிளம்பும்போது பெட்டியில் வைத்தேனே தையல் மெஷின் ஆயில், அதில் இரண்டு சொட்டு சக்கரத்துக்குள் விடு, வாயை மூடிக்கொள்ளும் என்றேன். நீயும் சரிம்மா என்றாய். நீ விட்டாயா இல்லையா எனக்குத் தெரியாது. விட்டிருந்தால் வண்டியைத் தொடாதே. நடந்து போ, பஸ்ஸில் போ, வேலைக்கு லீவு போடு, யார் திட்டினாலும் பரவாயில்லை. புதன்கிழமை சாயங்காலமே இதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன், நீ மீட்டிங்கில் இருக்கேன், பாத்துக்கறேம்மா என்று வைத்துவிட்டாய். அப்பா எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னாலும் விவரம் சொல்ல முடியவில்லை. பிறகு எண்ணெய் விடாதே என்று செய்தி அனுப்பினேன், அதற்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறாய். அந்தக் கட்டைவிரலை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். விடவில்லை என்று அர்த்தமா, ஏற்கெனவே விட்டாயிற்று கவலைப்படாதே என்று அர்த்தமா, ஒன்றும் புரியவில்லை. பெற்ற தாய்க்கு விரலைக் காட்டுகிற பிள்ளையை என்னவென்று சொல்வது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் இல்லை. நம் காரும் ஆறேழு மாதமாகவே கத்திக்கொண்டிருந்தது. அப்பா பிரேக்கில் கால் வைத்தால் போதும், கத்தரிக்கோலை கண்ணாடியில் இழுத்த மாதிரி ஒரு சத்தம், எனக்குப் பல்லெல்லாம் கூசும். என்னங்க இது என்று கேட்டால், எது என்பார். இந்தச் சத்தம் என்றால், எந்தச் சத்தம், ஒண்ணும் கேக்கலையே என்பார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லையாம். உன் அப்பாவின் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே, மெக்கானிக்கிடம் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். இதற்கே எங்களுக்குள் எத்தனை சண்டை தெரியுமா. ஒரு நாள் நான் வண்டிக்குள் அந்தக் கீச்சை அப்படியே வாயால் கத்திக் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு, அது உன் தொண்டையில்தான் இருக்கு, டாக்டர்கிட்ட காட்டு என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் வாசலில் பெருக்கும்போது சக்கரத்தின் கம்பி இடைவெளிக்குள் பார்த்தேன், உள்ளே இருக்கிற வட்டத் தட்டு வெள்ளை வெளேரென்று இருக்குமே, அது நீலமும் ஊதாவுமாக மினுங்கியது, தரையில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே அந்த நிறம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முகம் ஒரு மாதிரி இருந்தது, அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

போன புதன்கிழமை அத்தைக்குக் கண் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற நாள். அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன் இல்லையா, ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணிலும் முன்னாலிருந்தே பார்வை மட்டு. அப்பாதான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. எனக்கு பள்ளிக்கூடத்துச் சீருடை இருபது உருப்படி தைக்க வேண்டியிருந்தது, போகவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை. நம் வீட்டில் எது கத்தினாலும் நான் என்ன செய்வேன், கதவுக் கீலுக்கு மெஷின் ஆயில், மின்விசிறிக்கு மெஷின் ஆயில், உன் சின்ன வயசு சைக்கிளுக்கு மெஷின் ஆயில், முப்பத்தைந்து வருடமாக இந்த வீட்டில் எந்தச் சத்தத்தையும் நான் இரண்டு நாள் விட்டுவைத்ததில்லை. நீள மூக்கு வைத்த அந்த ஆயில் கேனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நான் உட்காரும் பக்கத்துச் சக்கரத்தில்தான் சத்தம் அதிகம். கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டு அந்த நீலத் தட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு சொட்டு என்று உன்னிடம் சொன்னேன், ஆனால் நான் விட்டது இரண்டா பாப்பா, தட்டு பளபளவென்று ஆகும்வரை விட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். அப்பா அத்தையை பின் சீட்டில் உட்காரவைத்து வண்டியை எடுத்தார், தெருமுனையில் பிரேக் பிடித்தார், சத்தமே இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. ஆறு மாதமாக இந்த மனுஷனிடம் கெஞ்சினேனே, இரண்டு நிமிஷ வேலை என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அவர்கள் போய் அரைமணிக்கும் மேல் இருக்கும், டிரைவிங் ஸ்கூல் டீச்சர் வந்தாள். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நம் தெருவுக்குக் குடிவந்தவள், பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், நல்ல உயரம், கடையில் வாங்குகிற எந்த பேண்ட்டும் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். நான் நீளமாகத் தைத்த புது பேண்ட்டுக்கு மடிப்பு அளவு வைக்க வந்திருந்தாள். அவளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, கீழே உட்கார்ந்து குண்டூசி குத்திக்கொண்டே, வாய் சும்மா இருக்குமா எனக்கு, உன் தொழிலையே நான் பார்த்துவிட்டேன் போ என்று ஆயில் விட்ட கதையைப் பெருமையாகச் சொன்னேன். ஒரு கால் முடித்து மறு காலைப் பிடித்தால் கால் அசையவில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கம்மா விட்டீங்க, தட்டு மேலயா, பக்கத்துல இருக்கற ஸ்க்ரூவுலயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். தட்டு மேலேதான், பளபளவென்று என்றேன். அம்மா, அந்தத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சாதான் வண்டி நிக்கும், அதுல எண்ணெய் போட்டா எதைப் புடிக்கும், வழுக்கிட்டுப் போகும், வண்டி இப்ப எங்க என்றாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க இறக்கம், உனக்கு நினைவிருக்கும், பாலத்திலிருந்து கீழே இறங்கி, வளைந்து, கேட் வரைக்கும் சரிவுதான். எனக்கு வாயில் இருந்த குண்டூசி எல்லாம் மடியில் கொட்டியது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஐந்து தடவை. சட்டைப் பையில்தான் வைத்திருந்தார், நான் பார்த்தேன் வைத்ததை. அத்தையிடம் போன் கிடையாது.

பாப்பா, எனக்கு வயது அறுபது நெருங்குகிறது, நீ பிறந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. செருப்பு எங்கே, சாவி எங்கே, எதுவும் கைக்குச் சிக்கவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், ஒரு கால் மடிப்பு குத்தினது, ஒரு கால் தரையில் புரள்கிறது, அந்தக் கோலத்தில் டிரைவிங் ஸ்கூல் வண்டியை எடுத்தாள். அந்த வண்டியில் இரண்டு பேர் காலடியிலும் பிரேக் இருக்கும். நான் பயத்தில் என் பக்கத்து பிரேக்கை மிதிக்கிறேன், வண்டி குதித்து நிற்கிறது, அம்மா காலை எடுங்க, நீங்க மிதிச்சா நாம போய்ச் சேர முடியாது என்று அவள் கத்துகிறாள். காலைத் தூக்கி சீட்டின் மேலேயே மடித்து வைத்துக்கொண்டேன். வழியில் எங்கேயாவது கூட்டம் நிற்கிறதா, எங்கேயாவது கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். பாலத்தில் இறங்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது, நான் கொன்றுவிட்டேன், என் கையால், சிரித்துக்கொண்டே. அதற்கு நடுவில் அந்தப் பெண் ஒன்று சொன்னாள், அப்போது அது என் தலையில் ஏறவில்லை. உங்க வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னாடி நான் பல தடவை போயிருக்கேம்மா, பின்பக்கச் சிவப்பு லைட் அணையவே அணையாது, எப்பவும் எரிஞ்சுகிட்டே இருக்கும், லைட்ல கோளாறுன்னு நினைச்சேன் என்றாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் கூட்டம் நின்றது. அதைப் பார்த்ததும் என்னால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. வண்டி வந்தால் தூக்கி இறக்குகிற தடுப்புக் கம்பு முறிந்து கிடந்தது. நம் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது, முன் சக்கரத்திலிருந்து புகை. காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி வண்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. நான் அந்த நாற்காலியை மட்டும்தான் பார்த்தேன். அதில் ஆள் இருந்தானா என்று கேட்க வாய் வரவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், காவலாளி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே நிற்கிறான், தண்ணீர் பிடிக்கப் போயிருந்தானாம், இப்பத்தாம்மா எழுந்து போனேன், இப்பத்தான் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பாட்டிலில் தண்ணீர் தளும்பியது. அப்பா மிதித்தபோது அவர் பக்கத்துச் சக்கரம் மட்டும் பிடித்திருக்கிறது, நான் எண்ணெய் விட்ட பக்கம் பிடிக்கவில்லை, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, கை பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினாராம். அத்தை பின் சீட்டில் கட்டுப் போட்ட கண்ணோடு நேராக உட்கார்ந்திருந்தாள். என் குரலைக் கேட்டதும், அண்ணி, அதுக்குள்ள நீங்களும் வந்துட்டீங்களா, நாங்க வந்து சேர்ந்துட்டோமா இல்லையான்னு எனக்குத் தெரியல, அண்ணன் வாயைத் திறக்க மாட்டேங்குது என்றாள். எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுப் பார்த்தார். சட்டைப் பையில் அவர் போன் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது, என் கையிலிருந்த போனை நான் வைக்கவே இல்லை, வழியெல்லாம் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே வந்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் அடிக்கிறது, கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிறது, அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி விளங்கியது. நடிப்பு இல்லை, பிடிவாதம் இல்லை. இந்த மனுஷனுக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது பின்தெருவில் இருக்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட மெக்கானிக்கிடம். அத்தையை டீச்சர் உள்ளே அழைத்துப் போய்க் கட்டைப் பிரிக்கவைத்துக் கூட்டிவந்தாள், அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுசுக்கும் சும்மாவே தைத்துக் கொடுத்தாலும் தகும். மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றினார். டார்ச் அடித்து நீலத் தட்டைக் காட்டினார். சூடு ஏறித்தான் இந்தக் கலர் வரும், ஒரு சக்கரம் மட்டும் இப்படின்னா அந்தப் பக்கம் ஏதோ இறுகிப் பிடிச்சிருக்குன்னு தேடுவேன், இங்க ரெண்டும் ஒரே மாதிரி வெந்திருக்கு, பிரேக்ல எதுவும் சிக்கல, இது வண்டி பண்ணினது இல்ல, ஓட்டறவர் கால் பண்ணினது என்றார். தட்டைக் கவ்வுகிற பட்டையை எடுத்துக் காட்டினார், என் நகத்தின் கனம்கூட மிச்சமில்லை. இந்த அளவுக்குத் தேய்ந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்களாம். அந்தத் தகடுதான் இத்தனை நாளாகக் கத்தியிருக்கிறது. ஒருவருக்குக் கேட்கவில்லை, கேட்ட நான் எண்ணெய் ஊற்றி அதன் வாயை மூடினேன். அப்புறம் மெக்கானிக் விரலால் தட்டைத் தடவி மோந்து பார்த்து, இந்தப் பக்கம் எண்ணெய் யார் விட்டது என்று மெதுவாகக் கேட்டார். அப்பா வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்ததும் அவர் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம் போய், உரக்க, சார், பிரேக் மேலயே கால் வெச்சுகிட்டு ஓட்டுவீங்களா என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவராகவே சொன்னார். எட்டு மாதமாக வலது காது சுத்தமாகப் போயிற்றாம், இடது காதில் ஆண் குரல் கனமாக வந்தால் கேட்கும், பெண் குரல் பக்கத்திலிருந்து பேசினால் பாதிதான் வரும், மணி, ஹார்ன், கீச்சென்கிற எதுவும் கிடையாதாம். அச்சகத்தில் முப்பது வருடம் அந்த மெஷின்களுக்கு நடுவில் நின்றதன் பலன். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பது தெரியாதே, எவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாதே என்று பயந்து, இடது காலை எப்போதும் பிரேக் மேல் லேசாக அழுத்தியே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார், நம் வண்டியில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேறு வேலை இல்லையே. எட்டு மாதம், ஒவ்வொரு தெருவிலும், பயந்து பயந்து. செருப்புத் தைக்கிறவர் போன மாதம், அய்யா ஒரு காலாலதான் நடக்கறாரா, இடதுல மட்டும் அடிப்பாகம் தேஞ்சிருக்கு என்று கேட்டார், நான் அதையும் சிரித்து விட்டுவிட்டேன். துணியில் ஒரு நூல் இழுத்திருந்தால் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவள் நான், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனின் பயம் எனக்குத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வருகிறது. உப்பு வாங்கவா சர்க்கரை வாங்கவா என்று கேட்டால் ஆமாம் என்பார். நீ போனில் எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்பார். பங்குனி வெயில் மாதிரி சுள்ளென்று உனக்கும் அவர் மேல் ஒரு கோபம் இருக்கும், எனக்குத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா, நான் இங்கேயே இருந்துடட்டுமா, திரும்பி வர வேண்டாமா என்று நீ கேட்டாய், அவர் ஆமாம் ஆமாம் என்றார். நீ உடனே போனை வைத்துவிட்டாய். பெற்ற பெண்ணை இப்படியா முகத்தில் அடித்த மாதிரி சொல்வது என்று நான்கூட அன்று அவரோடு சாப்பிட உட்காரவில்லை. அவருக்கு எதற்கென்றே தெரியாது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஆயில் விட்டது நான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தன் காலால்தான் பிரேக் போயிற்று, தன்னால்தான் அத்தையும் அந்தக் காவலாளியும் சாக இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்று நாளாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டை அளைகிறார், சாப்பிடவில்லை. அந்த நசுங்கிய நாற்காலிக்குப் பதில் புது நாற்காலி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு நேற்று ஆஸ்பத்திரி கேட்டுக்கு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சாவியைத் தொடவில்லை. நான் வாயைத் திறந்தால் அவர் பாரம் பாதி இறங்கும், அது எனக்குத் தெரியாதா. ஆனால் பயமாக இருக்கிறது பாப்பா. ஓ, எண்ணெய்தானா, அப்போ என் மேல் தப்பில்லை என்று அவர் மறுபடி சாவியை எடுத்துவிட்டால்? அந்தக் காதோடு? பட்டை புதுசு போட்டாயிற்று, தட்டும் மாற்றியாயிற்று, வண்டி வாசலில் நல்ல பிள்ளையாக நிற்கிறது. சொன்னால் ஓட்டுவார், சொல்லாவிட்டால் இப்படியே உருகுவார். இதில் கொஞ்சம் என் சுயநலமும் இருக்கிறது, பூசி மெழுகுவானேன். முப்பத்தைந்து வருடமாக நான் சொன்னதுதான் சரி என்று சண்டை போட்டவள் எந்த முகத்தோடு போய் உங்களைக் கொல்லப் பார்த்தது நான்தான் என்று சொல்வேன். அவர் திட்டினால் தாங்குவேன், திட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் தாங்க மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து செய். உன் வண்டிச் சக்கரத்துக்குள் பகல் வெளிச்சத்தில் குனிந்து பார். மழை பெய்த மறுநாள் தட்டு மேல் துரு படிந்திருந்தால் பயப்படாதே, இரண்டு தடவை மிதித்தால் தானே போய்விடும் என்று மெக்கானிக் சொன்னார். ஆனால் நீலமோ ஊதாவோ தெரிந்தால், இல்லை மிதிக்கும்போது கீச்சென்கிற சத்தம் மாறி இரும்பை இரும்பு அறுக்கிற மாதிரி கரகரவென்று கேட்டால், அதற்குமேல் ஒரு தெரு தாண்டாதே, அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடு. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, இறங்கியபின் சக்கரத்துக்கிட்டே கருகின வாசனை வருகிறதா என்றும் பார். நீயும் அப்பா பெண்தானே, மலைச்சாலையில் வேலைக்குப் போகிறாய், இறக்கத்தில் பயந்துகொண்டு பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராதே, கியரைக் குறைத்துக்கொண்டு வா என்று டீச்சர் சொல்லச் சொன்னாள். வேறு ஏதாவது பயம் இருந்தாலும் உள்ளேயே வைத்துக்கொண்டு எங்களிடம் ஆமாம் ஆமாம், நல்லா இருக்கேன் என்று சொல்லாதே. இந்த வீட்டில் அப்படிச் சொல்கிற ஆள் ஒருவர் போதும்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன், அவர் ஜன்னல் பக்கத்திலேயே இருக்கிறார், நான் வந்ததுகூடத் தெரியாமல் வாசலில் நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் என்னால் முடியாது. வாயால் சொல்ல எனக்கு தைரியம் இல்லை, சொன்னாலும் பாதிதான் அவருக்குக் கேட்கும், அதற்காக உரக்கக் கத்தினால் தெருவுக்கே கேட்கும். அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுத்து, படித்துவிட்டு ஒட்டித் தபாலில் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன். கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். என்ன நடந்தாலும் உனக்குப் போன் பண்ணுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எங்கே போனாலும் நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்ப வேண்டும், நூறு வயது குறைவில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பெட்டியில் இருக்கிற அந்த ஆயில் பாட்டிலை இன்றைக்கே எடுத்துக் குப்பையில் போடு, கதவுக் கீல் கத்தினால் கத்தட்டும்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா கடிதத்தைக் கொடுத்துவிட்டு சமையலறையில் வேண்டுமென்றே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், பார்த்தால் தெரிகிறது. எண்ணெய் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். கேட்டில் புகை வந்தபோது குனிந்து மோந்தேன். அச்சகத்தில் முப்பது வருடம் எண்ணெயில் கை வைத்தவன் நான், இந்த வீட்டில் முப்பத்தைந்து வருடம் அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். காதுதான் போயிற்று, மூக்கு இருக்கிறது. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். எண்ணெய் ஒரு நாள் செய்த தப்பு, என் கால் எட்டு மாதம் செய்தது. எண்ணெய் விடாமலிருந்தாலும் இன்னொரு நாள் அந்த நாற்காலி நசுங்கியிருக்கும், அந்த நாளில் காவலாளி தண்ணீர் பிடிக்கப் போயிருக்க மாட்டான். ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று எனக்கு எப்போதோ தெரியும், தைரியம்தான் வரவில்லை. சாவியை உன் அம்மாவின் குண்டூசி டப்பாவில் போட்டுவிட்டேன், இன்னும் அவள் பார்க்கவில்லை. அந்த உயரமான டீச்சர் திங்கட்கிழமை பேண்ட் வாங்க வரும்போது, உன் அம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. நீதான் பேசுகிறாய் என்று மட்டும் தெரியும், அதற்காகவே போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன். திரும்பி வர வேண்டாமா என்று நீ கேட்டது, இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை கேள். தாளில் எழுதிக் கேள். இந்தத் தடவை ஆமாம் என்று சொல்ல மாட்டேன்.

அப்பா